தானம் போன கட்டில்

நெஞ்சை அறுத்து மூடி வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து நான் தூங்கவில்லை. சொன்னால் டாக்டர் நம்புவதில்லை. "கொஞ்சமாவது தூங்கியிருப்பீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்கிறார். என் தூக்கம் எனக்கே தெரியாதபோது கிராயோவா நகரத்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிற இவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். சிரித்தார். மார்பெலும்பைப் பிளந்தவர்களுக்கு இது சகஜம், இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடும், பகலில் மட்டும் கண்ணயராதீர்கள் என்றார். பகலில் கண்ணயர முடிந்தால் நான் ஏன் பஸ் பிடித்து அவரிடம் போகிறேன்?

இத்தனைக்கும் நான் லாரி ஓட்டியவன். எல்லைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நின்றால் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்ப்பேன், அவ்வளவுதான். பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்து, இறங்கி வந்து, கதவைத் தட்டித் திட்டினால்தான் எழுந்திருப்பேன். கல்யாண வீட்டில் அக்கார்டியன் காதோரம் அலறும்போதும் தூங்கியிருக்கிறேன். "எங்க இலாரியோன் குதிரை ஜாதி. நிக்க எடம் குடுத்தாப் போதும், தூங்கிருவான்" என்று என் மனைவி வேத்தா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

இப்போது மல்லாந்துதான் படுக்க வேண்டும். ஒருக்களிக்கக் கூடாது, எலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு இரும வேண்டும். ரத்தக்குழாய் உருவி எடுத்த கால் ஒரு பக்கம் அரிக்கிறது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது தூக்கம் வருகிற அந்த நொடி. கண் சொருகும், உடம்பு கீழே இறங்கும். ஆபரேஷன் மேஜையில் மூக்கில் மயக்க மருந்து மூடியை வைத்தபோதும் இப்படித்தான் இறங்கியது. அன்றைக்கு இறங்கியவன் எழுந்தது இரண்டு வாரம் கழித்து. உள்ளே ரத்தம் கசிந்து மறுபடி திறந்திருக்கிறார்கள், பிறகு நுரையீரல் மக்கர் செய்திருக்கிறது, மெஷின்தான் எனக்காக மூச்சு விட்டதாம். அந்த இரண்டு வாரமும் நான் எங்கே இருந்தேன்? எங்கேயும் இல்லை. கனவுகூட இல்லை. அதனால் தூக்கம் வந்து காலைத் தொட்டதுமே, இருட்டில் படி இல்லாத இடத்தில் காலை வைத்தவன் மாதிரி தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், சாவு பயம்.

மகள் இத்தாலியிலிருந்து போன் செய்தாள். லிண்டன் பூ டீ குடிக்கச் சொன்னாள், மூச்சை எண்ணச் சொன்னாள். எண்ணிப் பார்த்தேன். அடுத்தது வருமா என்ற கவலைதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே கட்டிலைக் காணவில்லை. படுக்கையறையில் அது இருந்த இடத்தில் முன்னறை சோபா கிடந்தது.

"கட்டில் எங்க?" என்றேன்.

"அது உனக்கு ஆகாதுய்யா. ஒசரம். ஏறி எறங்கையில நெஞ்சப் புடிச்சுக்கும். இதுல சாஞ்சாப்ல உக்காந்துக்கலாம் பாரு" என்றாள் வேத்தா.

"சரி, கட்டில் எங்க?"

"கழட்டிப் போட்டிருக்கு. மொதல்ல உக்காரு நீ."

எங்கே கழற்றிப் போட்டிருக்கிறது என்று கேட்க எனக்கு மூச்சு போதவில்லை. லேசுப்பட்ட கட்டில் இல்லை அது. வால்நட் மரம், இரண்டு பேர் தாராளமாகப் புரளலாம். இத்தாலிக்குச் சரக்கு ஏற்றிப்போன காலத்தில் திரும்பி வரும்போது லாரியில் போட்டு நானே கொண்டுவந்தது. கல்யாணமாகி வெகுநாள் தரையில் மெத்தை விரித்துப் படுத்தவர்கள் நாங்கள். அந்தக் கட்டில் வந்த பிறகுதான் வேத்தா வீடு வீடு மாதிரி இருக்கிறது என்றாள்.

இப்போது அவள் சமையலறை பெஞ்சில் படுத்துக்கொள்கிறாள். "ராத்திரி என் கை பட்டு உன் தையல் பிரிஞ்சா நான் எங்க போறது?" என்று சொல்லிவிட்டாள். நியாயமாகத்தான் பட்டது.

தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. வேலியோரமாகப் போய்ப் போய் வருவேன். வேலிக்கு அந்தப்புறம் பந்தெலேயின் வீடு. ஐம்பதைத் தொட்டவன், கல்யாணமாகாதவன், ஊரார் மாடுகளை மேய்த்துப் பிழைக்கிறவன். பலகை மேல் வைக்கோலைப் பரப்பிப் படுப்பான். ஒருநாள் அவன் வேலியில் ஒரு பச்சைப் பஞ்சுப் போர்வை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் சிகரெட் சுட்ட ஓட்டை. அந்த ஓட்டைக்காக வேத்தா என்னிடம் ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறாள்.

"பந்தெலே! இந்தப் போர்வை ஏதுடா?" என்று கூப்பிட்டேன்.

வாளியோடு வெளியே வந்தவன் என்னைப் பார்த்ததும் அதைக் கீழே வைத்தான். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான். "ஆண்டவர் உங்களை மன்னிக்கட்டும் அண்ணே" என்றான். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். செத்தவர்களுக்குச் சொல்கிற வார்த்தை அது.

"நான் செத்துட்டேன்னு எவன்டா சொன்னான் உனக்கு?"

"இல்லண்ணே, வாய் தவறிருச்சு. தானம் வாங்கினதுலேர்ந்து படுக்கப் போகையில எல்லாம் உங்க பேரச் சொல்லி இதத்தான் சொல்றேன். அதே பழக்கத்துல வந்துருச்சு."

"என்ன தானம்?"

பந்தெலே வாளியைப் பார்த்தான், கோழியைப் பார்த்தான், என்னை மட்டும் பார்க்கவில்லை. "அக்கா சொல்லலையா?" என்றான்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் அவர் பெயரில் கட்டில் கொடுப்போம். மெத்தை, தலையணை, போர்வை, துண்டு, தண்ணீர்க் கூஜா எல்லாம் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, இல்லாதவன் ஒருவனைக் கூப்பிட்டு, செத்தவர் பெயரைச் சொல்லிக் கொடுப்போம். வாங்கியவன் இங்கே அதில் படுத்தால் செத்தவருக்கு அங்கே படுக்க இடம் உண்டு. கட்டில் கொடுக்காமல் விட்டால் அவர் அங்கே நின்றுகொண்டே இருப்பார். நானும் என் அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறேன். அவரைப் புதைத்த பிறகுதான் கொடுத்தேன்.

வேத்தா சமையலறையில் சிவப்புக் குடைமிளகாயைத் தணலில் சுட்டுக்கொண்டிருந்தாள். ஒரே புகை. எனக்குப் புகை ஆகாது, ஆனாலும் வாசலில் நின்றேன்.

"எனக்குக் கட்டில் குடுத்தியா?"

அவள் திரும்பவில்லை. மிளகாயைப் புரட்டிப் போட்டாள். "குடுத்தேன்."

"நான் சாகறதுக்கு முன்னாடியேவா?"

"அந்த லேடி டாக்டர் போன் பண்ணி, மனசத் தேத்திக்கோங்கன்னுச்சு. போய்ப் பாத்தேன். வாயில குழாய். கண்ணு பாதி தொறந்து கெடக்கு. தூங்கவும் இல்ல, முழிக்கவும் இல்ல. நின்னுக்கிட்டே தூங்கற மனுஷன் தூங்க வழியில்லாமக் கெடக்கான். எத்தன நாளு அதப் பாத்துக்கிட்டு நிக்கறது? போய்ப் படுக்க எடம் இருந்தா உசிரு சுளுவாப் பிரியும்னு சொல்வாங்க. குடுத்தேன்."

"அப்ப நான் போயிரணும்னு நெனச்சிருக்க."

"நீ தூங்கணும்னு நெனச்சேன்."

அவள் மறுபடி மிளகாயைப் புரட்டினாள். அன்றோடு பேச்சை நிறுத்தியவன் நான்தான். மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைப்பாள், அவள் போன பிறகு எடுப்பேன். சூப் வைப்பாள், ஆறிப் போகும்வரை தொடமாட்டேன். எனக்கு அவ்வளவு கோபம். ஒருவன் வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவில் இழுபட்டுக்கொண்டு கிடக்கிறான். கட்டின பெண்டாட்டி அந்தப் பக்கத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறாள். இதை நினைத்துக்கொண்டு எவன் தூங்குவான்?

முன்பு பயத்தில் விழித்திருந்தேன், இப்போது ஆத்திரத்தில். பயமாவது தூக்கம் வரும்போதுதான் வந்தது. ஆத்திரம் தூக்கத்தை வாசல்படியே ஏறவிடவில்லை. கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. சவரம் செய்யும்போது கன்னத்தை வெட்டிக்கொண்டேன். மறுபடி டாக்டரிடம் போனபோது அவர் சிரிக்கவில்லை. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, இதயம் தாறுமாறாக அடிக்கிறது, இப்படியே போனால் செய்த வேலையெல்லாம் வீண், எப்படியாவது தூங்குங்கள் என்று என்னவோ நான் அடம்பிடிக்கிற மாதிரி சொன்னார். மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார். அதை விழுங்கினால் நாக்கு மட்டும்தான் தூங்கியது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. என் கட்டிலில் பந்தெலே படுக்கிறான். மத்தியானம் மாடுகளைத் தண்ணீருக்கு விட்டுவிட்டு வந்து அவன் போடுகிற குறட்டை வேலி தாண்டிக் கேட்கிறது. அவன் இங்கே படுத்தால் நான் அங்கே தூங்குவேன் என்பது கணக்கு. அப்படியென்றால் என் தூக்கமெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது, ஆள் மட்டும் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். லாரி ஓட்டியவனுக்கு இப்படிப்பட்ட நம்பிக்கை எல்லாம் கிடையாது. தூக்கம் கெட்டவனுக்கு எல்லா நம்பிக்கையும் வரும். அந்தக் கட்டில் திரும்பி வராவிட்டால் நான் செத்துப்போவேன் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

கொடுத்த தானத்தைத் திருப்பிக் கேட்டவன் எங்கள் ஊரில் இதுவரை கிடையாது. கேட்டால் காறித் துப்புவார்கள். துப்பட்டும். வேத்தா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கோட்டுகூடப் போடாமல் பந்தெலே வீட்டுக்குப் போனேன்.

"பந்தெலே, கட்டிலக் குடு."

அவன் வாசலிலேயே உறைந்துபோய் நின்றான். "அண்ணே, அது பாவம்ணே."

"யாருக்குப் பாவம்? நான் உயிரோட இருக்கேன்டா. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தான், மடையன். என் தோளை இரண்டு விரலால் தொட்டுவிட்டு, "சரி, எப்படித் தூக்கிட்டுப் போவீங்க?" என்றான்.

நான் யோசிக்கவே இல்லை. ஒரு வாளித் தண்ணீர் தூக்கக்கூட எனக்கு அனுமதி கிடையாது. "நீதான் தூக்கிட்டு வரணும்" என்றேன்.

"தானமும் வாங்கி, கூலியில்லாமத் திருப்பிச் சுமக்கவும் செய்யணுமா?" என்று முனகிக்கொண்டே உள்ளே கூப்பிட்டான்.

அவனுக்கு ஒரே அறை. அதில் முக்கால்வாசியை என் கட்டில் அடைத்துக்கொண்டிருந்தது. சேற்றுக் காலணிகளும் பால் வாளியும் சுவரோரம் ஒடுங்கிக் கிடந்தன. கட்டிலின் ஒரு பாதிதான் கசங்கியிருந்தது. மறுபாதியில் விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டியபடியே இருந்தது. தலையணைக்கு இஸ்திரி போட்ட உறை. தலைமாட்டில் கூஜா, பக்கத்தில் இரண்டு கோப்பை.

"ரெண்டு கோப்பை எதுக்கு?" என்றேன்.

"ரெண்டு பேருக்குத்தானே குடுத்தாங்க."

"எந்த ரெண்டு பேரு?"

பந்தெலே என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உங்களுக்கும் வேத்தா அக்காவுக்கும்ணே. மெழுகுவர்த்தியப் பொருத்தி, 'இது இலாரியோனுக்கும் வேத்தாவுக்கும்'னு சொல்லிக் குடுத்தாங்க. நான் வாங்க மாட்டேன்னேன். அக்கா, உசிரோட இருக்கறவங்க பேரச் சொல்லாதீங்க, அது கூப்புடற மாதிரி ஆயிரும்னேன். பாதிரியாரு கோவிச்சுக்கிட்டு எழுந்தே போயிட்டாரு. அக்கா கேக்கல. தனியாப் படுத்தா அந்த ஆளுக்குத் தூக்கம் வராது, முதுகுப் பக்கம் நான் இருக்கணும், நானும் சீக்கிரம் வந்துருவேன், எடத்த இப்பவே போட்டு வெச்சிர்றேன்னாங்க."

நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அதனால அவங்க பக்கம் நான் கை வைக்கறதே இல்ல. உசிரோட இருக்கறவங்க எடத்துல படுத்தா நல்லாவா இருக்கும்?"

"அப்ப நான் மட்டும் செத்தவனாடா?"

"எங்கிட்டக் கேட்டா எப்படிண்ணே? எல்லாரும் அப்படித்தான் நெனச்சோம்." பிறகு பாவப்பட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எடுத்துட்டுப் போறதுன்னா போங்க. ஆனா அவங்க எடமும் சேந்துதான் போவும். அத யோசிச்சுக்கோங்க. வேணும்னா செத்த நேரம் படுத்துப் பாருங்க, நான் வெளிய நிக்கறேன்."

படுத்தேன். என் பக்கத்தில், மல்லாந்து. உடம்புக்குத் தெரிந்த பள்ளம்தான், ஆனால் பந்தெலேயின் மாட்டு வாசம் ஏறியிருந்தது. தூக்கம் வரவில்லை. தூக்கம் அங்கே இல்லை. தலையைத் திருப்பி அந்த இன்னொரு தலையணையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். உறையின் மூலையில் அவள் பெயரின் முதலெழுத்தைத் தைத்திருந்தாள். இத்தனை நாள் ஆறின சூப்பை வைத்து இவளைத் தண்டித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பந்தெலே தன் கோட்டைக் கழற்றி என் மேல் போட்டான். "கட்டிலு?" என்றான். கோட்டை இழுத்து மூடிக்கொண்டு வேலியோரமாக நடந்தேன்.

வேத்தா வாசலிலேயே நின்றிருந்தாள். "நெஞ்ச அறுத்த ஆளு மழையில கோட்டில்லாம எங்கய்யா போன? வீடு பூராத் தேடிட்டேன். கெணத்த வேற எட்டிப் பாத்துட்டு வரேன்." என் தோளிலிருந்த கோட்டைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "பந்தெலே வீட்டுக்கா?"

"ம்."

"சொல்லிட்டானா?"

"சொல்லிட்டான்."

என்னைச் சோபாவில் உட்கார்த்தி, தலையைத் துடைத்து, காலில் கம்பளியைச் சுற்றினாள். பிறகு அவளும் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அந்தச் சோபாவில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல? உன் பேரையும் சேத்துதான் குடுத்தேன்னு சொல்லியிருந்தா நான் இப்படி இருந்திருப்பேனா?"

"சொன்னா என்ன பண்ணுவ? இவளுக்கு என்ன ஆகுமோன்னு அத வேற நெனச்சுக்கிட்டு முழிச்சுக் கெடப்ப. உன் சாவ நெனச்சே உனக்குத் தூக்கம் வரல. என் சாவையும் சேத்துச் சுமக்கணுமா? அதுக்கு எம்மேல கோவமாவே இருந்துட்டுப் போன்னு விட்டுட்டேன்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"அன்னைக்கு இல்ல. நீதான் போகப் போறியே, அப்புறம் எனக்கென்ன." தலையில் கட்டியிருந்த துணியின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ கண்ணத் தொறந்துட்டேன்னு போன் வந்துச்சு பாரு, அன்னையிலேர்ந்து பயம். பெஞ்சுல படுத்தா நெனப்பு வந்துருது. அங்க நம்ம ரெண்டு பேருக்கும் படுக்கையத் தட்டி விரிச்சு வெச்சிருக்கு, நாம இங்க கிறுக்குங்க மாதிரி ஆளுக்கொரு மூலையில உக்காந்திருக்கோம். நானும் தூங்கலய்யா. நீ மட்டும்னு நெனச்சியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் எலும்பு வலிக்கும். வலித்தது. அழுதாலும் அதே இடத்தில்தான் வலிக்கிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"கட்டில எடுத்துட்டு வரச் சொல்லிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல. அங்கயே இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் வேணும்ல."

திரும்பிப் பார்த்தேன், தூங்கிவிட்டிருந்தாள். உட்கார்ந்தபடியே, தலை சோபாவின் கைப்பிடியில் சாய, பட்டப்பகலில். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்கு முன்னால் தூங்கி நான் பார்த்ததில்லை. எப்போதும் நான்தான் முதலில் விழுவேன், அதற்குப் பிறகு அவள் எப்போது தூங்குவாள், எப்படித் தூங்குவாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. கன்னம் தொங்கி, வாய் லேசாகத் திறந்து, என்னைவிடக் கிழவியாகத் தெரிந்தாள். இவள் செத்தால் இப்படித்தான் கிடப்பாள் என்று தோன்றியது. தோன்றியதும் நெஞ்சு எகிறி அடிக்க ஆரம்பித்தது.

அவளை உலுக்கி எழுப்பக் கையை நீட்டிவிட்டேன். கண்ணைத் திறந்து என்னைத் திட்டினால் போதும் என்றிருந்தது. இப்படித்தானே இரண்டு வாரம் இவள் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அத்தனை நாளும் நான் ஒரு தடவைகூடத் திட்டவில்லை.

கையை எடுத்துக்கொண்டேன். அவள் தூங்கட்டும்.